அனைவருக்கும் திறந்த ஆலயம்



ஆலய வாசல்களில் நாட்டப்பட்டிருக்கும் பெயர்ப்பலகைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆலயத்தின் பெயரும், அது கட்டப்பட்ட ஆண்டும், ஞாயிறு ஆராதனை நேரமும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். பல இடங்களில் அடியிலே ‘அனைவரும் வருக’ என்றொரு வரியும் காணப்படும். அவ்வரியை எழுதுவதற்குச் சிறிதளவு வர்ணம் போதும். ஆனால் எழுதியவாறே ஒரு திருச்சபை நடக்கத் தொடங்கினால் யார் யாரெல்லாம் வந்து சேர்வார்கள்? அவர்களை வரவேற்கும் போதகரும், பரிபாலன சபையாரும், கதவைத் திறந்து பூட்டும் பணியாளரும் எவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்? இக்கேள்விகளோடு, ஜேர்மனி தேசத்தின் லைப்சிக் நகரிலுள்ள புனித நிக்கலஸ் ஆலயத்துக்கு உங்களை இன்று அழைத்துச் செல்ல விரும்புகின்றேன்.

லைப்சிக் பழைய வர்த்தக நகரம். 12ஆம் நூற்றாண்டில், நகரம் உருவான காலத்திலேயே, வணிகர்களின் பாதுகாவலராகக் கருதப்பட்ட புனித நிக்கலஸின் பெயரால் இவ்வாலயமும் எழுந்தது. 1539இல் மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தம் அந்நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்டதிலிருந்து இது லூத்தரன் ஆலயமாக இருந்து வருகின்றது. இசைமேதை யோகான் செபஸ்தியான் பாக், 1723ஆம் ஆண்டு முதல் தாம் மரிக்கும்வரை இந்நகரின் ஆலயங்களுக்கு இசைப்பணி புரிந்தவர். யோவான் நற்செய்தியைத் தழுவி அவர் இயற்றிய திருப்பாடுகளின் இசைப்படைப்பு, 1724ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று முதன்முதலாக இவ்வாலயத்திலேதான் இசைக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உட்புறம் புதுப்பிக்கப்பட்டபோது, தூண்களின் உச்சியிலே பனையோலைகள் விரிவதுபோன்ற வேலைப்பாடு செய்யப்பட்டது. வெண்மையும் இளம்பச்சையும் இளஞ்சிவப்புமாய் உயர்ந்து நிற்கும் அத்தூண்களின் நடுவே நிற்பவருக்கு ஓர் ஓலைத் தோப்பினுள் நிற்கும் உணர்வே உண்டாகும். பனைமரங்களின் நடுவே பிறந்து வளர்ந்த நம்மவர்கள் ஒருமுறை காணவேண்டிய இடந்தான்.

இத்தனை அழகும் இருந்தும், நமது கதை நடந்த காலத்தில் அது வசதியான ஆலயமாக இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் பின் லைப்சிக் கிழக்கு ஜேர்மனியின் பகுதியாயிற்று. அங்கே சோசலிச ஐக்கியக் கட்சியின் ஆட்சி நிலவியது. திருச்சபை தடைசெய்யப்படவில்லை, ஆயினும் படிப்படியாக ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. அரசு நடத்திய இளைஞர் விழாவில் உறுதிமொழி எடுக்க மறுத்த விசுவாசிகளின் பிள்ளைகளில் பலருக்கு உயர்கல்வி கிட்டவில்லை. போரிலே தப்பிப் பிழைத்து நின்ற பல்கலைக்கழக ஆலயத்தை அந்நகரத்திலேயே, நிக்கலஸ் ஆலயத்துக்குச் சற்றுத் தொலைவில், 1968ஆம் ஆண்டு மே 30ஆம் திகதி அரசு வெடிவைத்துத் தகர்த்தது. ஆட்சியாளர்கள் எதையும் செய்யத் துணிவார்கள் என்பதை நகரத்தார் அனைவரும் கண்ணாரக் கண்டிருந்தனர். இதனை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே வாசியுங்கள்.

1980ஆம் ஆண்டு கிறிஸ்டியன் ஃபியூரர் என்னும் போதகர் இவ்வாலயத்துக்கு நியமனம் பெற்று வந்தார். ஹிட்லர் தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டம் அல்லவா இது என்று நீங்கள் திகைக்கக் கூடும். இவருக்கோ அது குடும்பப் பெயர் மாத்திரமே. போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்து, கிராமப்புறச் சபைகளில் 12 ஆண்டுகள் ஊழியஞ் செய்தவர். ஆராதனை வேளை தவிர மற்ற நேரங்களில் அவரைக் கண்டவர்கள் போதகரென்று நினைக்கமாட்டார்கள். கையில்லாத ஒரு டெனிம் மேற்சட்டையே அவரது வழமையான உடையாக இருந்தது.

அவருடைய ஊழியத்தின் தொடக்கம் மிகச் சிறியது. 1981ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சமாதானத்துக்காகத் திருச்சபை ஒதுக்கிய பத்து நாட்களில், ஒரு மாலை இளைஞர்கள் ஆலயத்துக்கு அழைக்கப்பட்டனர். சிலரே வருவர் என்று போதகர் எண்ணியிருக்க, நூற்றுக்கும் அதிகமானோர் வந்துவிட்டார்கள். நீண்ட தலைமயிரும் கிழிந்த உடையுமாக, ஆலயத்துள் ஒருநாளும் காலெடுத்து வைத்திராதவர்கள் பலர். அவர்களுக்குப் பிரசங்கம் செய்வதில் பயனில்லை என்று உணர்ந்த போதகர், முரட்டு மரத்தாலான பெரிய சிலுவையொன்றைத் தரையிலே கிடத்தி, பேச விரும்புகிறவர் ஒரு மெழுகுதிரியை ஏற்றித் தமது மனத்திலுள்ளதைச் சொல்லி, அதனைச் சிலுவையண்டை வைக்கலாம் என்றார். பேச விரும்பாதவர் பேசாமலே வைக்கலாம். ஒருவர்பின் ஒருவராய் எல்லோருமே வந்தனர். நள்ளிரவை நெருங்கும் வேளையில் அந்த முரட்டுச் சிலுவை முழுவதும் ஒளியால் சூழப்பட்டிருந்ததை அவர் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

1982 செப்டெம்பர் 20ஆம் திகதி முதல், ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாலை 5 மணிக்கு அவ்வாலயத்தில் சமாதான மன்றாட்டு நடைபெறலாயிற்று. அக்காலத்தில் சோவியத் நாடும் அமெரிக்காவும் இரு ஜேர்மனிகளிலும் அணு ஏவுகணைகளை நிறுத்திக்கொண்டிருந்தன. எனவே சமாதானம் என்ற சொல்லுக்குப் பாரமான பொருளுண்டு. இருந்தும் மன்றாட்டுக்கு வந்தவர்கள் சில வாரங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. நம் சபைகளில் நடைபெறும் வாரநாள் ஜெபக்கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். ஏழெட்டுப் பேருக்காக ஆலயத்தைத் திறந்து, விளக்கேற்றி, ஆர்கன் வாசித்து, மறுபடி பூட்டுவது வீண் வேலையென்று யாராவது ஒருவர் சொல்லத்தான் செய்வார். அங்கே அவர்கள் நிறுத்தவில்லை. பின்னாளில் உலகம் அறிந்த அந்தத் திங்கட்கிழமைகளுக்கு முன்னால், ஒருவரும் அறியாத திங்கட்கிழமைகள் ஏழு ஆண்டுகள் இருந்தன.

1980களின் பிற்பகுதியில் ஆலயத்தின் முன்னே ஒரு பலகை வைக்கப்பட்டது. ‘நிக்கலஸ் ஆலயம் – அனைவருக்கும் திறந்தது’ என்பதே அதன் வாசகம். இதை அரசியல் தந்திரமாக எண்ணியவர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். போதகரோ இதனை நேரடியான வேதசத்தியமாகக் கொண்டார். வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களை இயேசு அழைத்தபோது (மத்தேயு 11:28) அவர்களது விசுவாச அறிக்கையைக் கேட்டுவிட்டா அழைத்தார் என்பது அவரது வாதத்தின் சாரம்.

வந்தவர்கள் யார்? இராணுவத்தில் ஆயுதம் ஏந்த மனமில்லாத வாலிபர், கரும்புகையாலும் நச்சுக் கழிவாலும் பாழாகிக்கொண்டிருந்த ஆறுகளையும் காற்றையும் பற்றிப் பேச வேறிடம் இல்லாதவர்கள், மனித உரிமை பேசியதால் வேலை இழந்தவர்கள். இவர்களுக்கும் மேலாக, நாட்டைவிட்டு வெளியேற விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தவர்கள். விண்ணப்பித்த நாளிலிருந்தே அவர்களுக்கு உத்தியோகம் பறிபோகும். அயலவர் பேசவும் அஞ்சுவர். 1988 பெப்ரவரி 19ஆம் திகதி, கிழக்கு ஜேர்மனியில் வாழ்வதையும் தங்கியிருப்பதையும் குறித்து அத்தகையோரோடு உரையாட ஃபியூரர் ஒரு மாலைக்கூட்டம் ஒழுங்கு செய்தார். ஐம்பது பேரளவில் எதிர்பார்க்கப்பட்டது. வந்தவர்கள் அறுநூறு பேர். அவர்களில் பெரும்பாலோர் விசுவாசிகள் அல்லர். அடுத்த திங்கட்கிழமை முதல் மன்றாட்டு வேளையில் இருக்கைகள் நிரம்பத் தொடங்கின.

நாட்டைவிட்டுப் போகிறவரைப் பற்றியும், போகாமல் நிற்பவரைப் பற்றியும் நமக்குத் தெரியாததல்ல. இருவரும் ஒரே இருக்கையில் அமர்ந்தால் உண்டாகும் மனக்கசப்பும் தெரியும். ‘நாம் நின்று போராடுகிறோம், இவர்கள் ஓடுகிறார்கள்’ என்பது ஒரு சாரார் பேச்சு. ‘எங்கள் வேதனை உங்களுக்கு என்ன தெரியும்’ என்பது மறுசாரார் பேச்சு. நிக்கலஸ் ஆலயத்திலும் இவ்விரு குரல்களும் எழுந்தன. இவர்களோடு பரம்பரை பரம்பரையாக அவ்வாலயத்தில் தொழுதுவந்த சபையாரும் இருந்தார்கள். தங்கள் பரிசுத்த இடம் சந்தைக் கூட்டமாகிவிட்டதோ என்ற அவர்களது கலக்கத்தை இலேசாக ஒதுக்கிவிடலாகாது.

இங்கே இவ்வாலயத்து ஊழியர்களிடையே நிகழ்ந்த ஒரு கருத்து வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். புகழ்ச்சிக் கட்டுரைகள் இதனைத் தவிர்த்துவிடுவதுண்டு. மன்றாட்டுகளை ஒழுங்கு செய்யும் பொறுப்பு 1986 முதல் கிறிஸ்டோஃப் வொன்னெபெர்கர் என்ற போதகரிடம் இருந்தது. அவர் அதே நகரத்துப் புனித லூக்கா ஆலயத்தின் போதகர். கட்டாய இராணுவ சேவைக்குப் பதிலாகச் சமூக சேவை செய்ய இளைஞருக்கு வழிவேண்டுமென்று 1981இலேயே குரல் கொடுத்தவர். வாரந்தோறும் ஒவ்வோர் இளைஞர் குழு தனது சொந்த மொழியில் மன்றாட்டை நடத்தும்படி அவர் விட்டுக்கொடுத்தார். மேற்பார்வைப் போதகராகிய பிரீட்ரிக் மகீரியுஸ் இதில் ஆபத்தைக் கண்டார். ஜெபம் அறிக்கையாகவும், அறிக்கை போராட்ட அழைப்பாகவும் மாறுகின்றது என்று அவர் எண்ணினார். அரசோ அவரைத் தொடர்ந்து நெருக்கியது. 1988 ஓகஸ்டில் அவர் வொன்னெபெர்கரை அப்பொறுப்பிலிருந்து நீக்கினார். குழுக்களும் மன்றாட்டை நடத்தும் உரிமையை இழந்தன. இளைஞர்கள் ஆலயத்துக்குள்ளேயே எதிர்ப்புத் தெரிவித்தனர். அதன்பின் ஆலயத்துக்கு வெளியே முற்றத்தில் கூடிப் பேசலாயினர். 1989 ஏப்ரலில்தான், போதகர் ஒருவரின் பொறுப்பில் குழுக்கள் மீண்டும் நடத்தலாம் என்ற இணக்கம் ஏற்பட்டது.

யார் பக்கம் நியாயம்? மகீரியுஸ் கோழையல்லர். ஹிட்லர் ஆட்சியின் கொடுமைகளுக்கு ஆளான மக்களோடு ஒப்புரவை நாடிய கிறிஸ்தவ இயக்கமொன்றைக் கிழக்கு ஜேர்மனியில் பல ஆண்டுகள் வழிநடத்தியவர் அவர். ஆலயக் கதவு மூடப்படாதிருக்க வேண்டுமெனில் அதனுள் நடப்பது வழிபாடாகவே இருக்கவேண்டும் என்று அவர் கருதினார். வழிபாட்டுக்குப் பொலிஸ் அனுமதி தேவையில்லை. அரசியற் கூட்டத்துக்குத் தேவை. அந்த மெல்லிய கோட்டின்மேல்தான் எல்லாம் நின்றது. இருந்தபோதிலும் என் மனம் வொன்னெபெர்கர் பக்கமே சாய்கின்றது. வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு வாயைத் திறக்க விடாத வரவேற்பு அரை வரவேற்புத்தான். ஆயினும் கோட்டைக் காத்தவரும் கோட்டைத் தள்ளியவருமாக இருவரும் இருந்தபடியாலேதான் அந்த ஆலயம் 1989 வரை தாக்குப்பிடித்தது என்று வாதிடுவோருக்கும் என்னிடம் எளிதான மறுமொழி இல்லை.

1989 மே மாதத்தில் முறைகேடான உள்ளூராட்சித் தேர்தலுக்கு மறுநாளிலிருந்து, ஆலயத்துக்குச் செல்லும் வீதிகளைப் பொலிஸார் திங்கட்கிழமைகளில் தடைசெய்யத் தொடங்கினர். மன்றாட்டை நிறுத்துங்கள், அல்லது நகர எல்லையிலுள்ள ஏதாவதோர் ஆலயத்துக்கு மாற்றுங்கள் என்று அதிகாரிகள் நெருக்கினர். ஆலய பரிபாலன சபையார் இணங்கவில்லை. இந்த மனிதர்களைச் சற்று எண்ணிப்பாருங்கள். அவர்கள் போதகர்கள் அல்லர். அலுவலகத்திலும் பாடசாலையிலும் தொழிற்சாலையிலும் அரசின் கீழ் வேலைசெய்து, மாலையில் வந்து கூரைத் திருத்தத்தையும் காணிக்கைக் கணக்கையும் பேசும் சாதாரண சபை அங்கத்தவர்கள். அவர்களுடைய பெயர்களை உலகம் அறியாது. ஆனால் அவர்கள் கையை உயர்த்தி ‘மாற்றமாட்டோம்’ என்று சொல்லியிராவிட்டால், போதகர்களின் துணிவு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்க முடியாது. நம் சபைகளில் பரிபாலன சபைக் கூட்டம் என்றாலே சலிப்போடு பேசுகிறோமே, அந்தச் சலிப்பான நாற்காலிகளிலும் சில வேளைகளில் இத்தகைய சுமை வந்து இறங்கும்.

செப்டெம்பரில் கைதுகள் பெருகின. மன்றாட்டு முடிந்து வெளியே வந்தவர்கள் வாகனங்களில் ஏற்றப்பட்டனர். கைதானவர்களுக்காக ஆலயத்தின் யன்னல் கம்பிகளில் மக்கள் பூக்களைச் செருகினர். மெழுகுதிரிகளை ஏற்றி வைத்தனர். செப்டெம்பர் 25ஆம் திகதி மன்றாட்டை நடத்திய வொன்னெபெர்கர், வன்முறையைக் கையிலெடுப்பவன் அதற்கே பலியாவான் என்பதை அழுத்தமாகப் போதித்தார். அடுத்த வாரம் வீதியில் இறங்கியவர்கள் சுமார் இருபதாயிரம் பேர். ஒக்டோபர் 7ஆம் திகதி ஆட்சியின் நாற்பதாவது ஆண்டு நிறைவு. அன்று லைப்சிக்கிலும் மக்கள் மணிக்கணக்காக அடிக்கப்பட்டனர். பிடிபட்டவர்கள் குதிரை லாயங்களில் அடைக்கப்பட்டனர். அதற்கு முந்திய நாள் நகரத்துப் பத்திரிகையில், தேவையேற்படின் ஆயுதங்கொண்டும் எதிர்ப்புரட்சியை அடக்குவோம் என்று தொழிலாளர் படைத் தளபதி ஒருவரின் கடிதம் வெளியாகியிருந்தது. சீனாவில் தியனன்மென் சதுக்கத்தில் இரத்தம் சிந்தப்பட்டு நான்கே மாதங்கள் ஆகியிருந்தன.

இவ்வாறு ஒக்டோபர் 9ஆம் திகதி திங்கட்கிழமை பிறந்தது. வைத்தியசாலைகளில் படுக்கைகளும் இரத்தமும் ஆயத்தம் செய்யப்பட்டன. பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அழைத்துச் செல்லுமாறு பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. மாலை மன்றாட்டுக்குரிய இடத்தை முற்கூட்டியே கைப்பற்றிவிட்டால் பொதுமக்கள் உள்ளே வர இயலாது என்று கட்சி திட்டமிட்டது. கட்சி அங்கத்தவர் ஆயிரம் பேருக்குக் கட்டளை பிறந்தது. பிற்பகல் 2 மணிக்கே அவர்களில் அறுநூறு பேர் ஆலயத்தின் நடுப்பகுதியை நிரப்பிவிட்டார்கள்.

வாசகர்களே, பலகையில் எழுதப்பட்ட ‘அனைவருக்கும்’ என்ற சொல் அந்த நேரத்தில்தான் சோதனைக்குள்ளானது. ஒடுக்கப்பட்டவனை வரவேற்பது கடினமாயினும் அதிலே மனத்துக்கு ஒரு நிறைவு உண்டு. ஒடுக்குகிறவன் அனுப்பிய ஆளை வரவேற்பது எப்படி? இரகசியப் பொலிஸான ஸ்டாசியின் ஆட்கள் ஆண்டுக்கணக்காக அந்த இருக்கைகளில் இருந்து குறிப்பெடுத்து வந்தது போதகருக்குத் தெரியும். அன்று வந்தவர்களோ மறைவாகக்கூட வரவில்லை. அவர்களை வெளியேற்றவும் முடியாது. வெளியேற்றினால் பலகை பொய்யாகிவிடும்.

ஃபியூரர் ஆலயத்துக்குள் சென்று அவர்களுக்கு வந்தனம் கூறி வரவேற்றார். வேலைக்குப் போன தொழிலாளர் 4 மணிக்குப் பின்பே வர இயலும். அவர்களுக்கும் சில கிறிஸ்தவர்களுக்கும் இடம் வேண்டுமல்லவா, ஆகவே மாடிப்பகுதியை மட்டும் பூட்டி வைத்திருக்கிறேன் என்று நகைச்சுவை கலந்து அறிவித்தார். தொழிலாளரின் கட்சி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட கட்சியின் ஆட்கள் வேலைநேரத்தில் அங்கே உட்கார்ந்திருந்தனர்! அவ்வேளையில் அவர்களின் முகங்கள் எப்படி இருந்தனவோ! பின்பு மாடியும் திறக்கப்பட்டது; கட்சிக்காரரும் விசுவாசிகளும் அவிசுவாசிகளும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தார்கள்.

ஸ்டாசியினரின் வருகையைத் தாம் ஒருபோதும் நட்டமாகக் கருதவில்லை என்று ஃபியூரர் பின்னர் எழுதினார். மலைப்பிரசங்கத்தின் பாக்கிய வசனங்களை அவர்கள் வாரந்தோறும் கேட்டார்களே, வேறெங்கே அவற்றைக் கேட்டிருப்பார்கள் என்பது அவரது கேள்வி. சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற கற்பனை (மத்தேயு 5:44) எத்தனையோ ஆலயங்களில், சத்துருக்கள் ஒருவருமே இல்லாத சபைக்கு வாசிக்கப்படுகின்றது. அங்கே அது சத்துரு முன்வரிசையில் அமர்ந்திருக்க வாசிக்கப்பட்டது. அந்தக் கட்சிக்காரரில் எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்று கணக்கிட எவராலும் முடியாது. தாங்கள் கேள்விப்பட்டபடி கலகக்காரரைக் காண வந்தவர்கள், ஜெபிக்கிறவர்களைக் கண்டார்கள். இதுவரைதான் நாம் சொல்லலாம்.

அன்று மாலை நகரில் நான்கு ஆலயங்கள் மன்றாட்டுக்காகத் திறந்திருந்தன. பிரதேசப் பேராயர் யோகானஸ் ஹெம்பல் ஆலயம் ஆலயமாகச் சென்று அமைதி காக்கும்படி வேண்டினார். இசை நடத்துநர் குர்ட் மசூர் உட்பட அறுவர் இணைந்து விடுத்த அமைதி வேண்டுகோளும் வாசிக்கப்பட்டது. அந்த அறுவரில் மூவர் கட்சியின் மாவட்டச் செயலாளர்கள். இறையியலாளரான இன்னொருவர் ஸ்டாசிக்குத் தகவல் கொடுத்து வந்தவர் என்பது பிற்காலத்தில் வெளியானது. அவரது கையெழுத்தும் அன்று உயிர்களைக் காக்க உதவிற்று. கர்த்தருடைய காரியங்களில் இத்தகைய புதிர்களும் உண்டு.

மன்றாட்டு முடிந்து நிக்கலஸ் ஆலயத்திலிருந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியே வந்தபோது, முற்றத்திலும் வீதிகளிலும் பல்லாயிரக்கணக்கானோர் மெழுகுதிரிகளோடு காத்திருந்தனர். ஒரு திரியைக் காற்றில் அணையாமல் கொண்டுசெல்ல இரண்டு கைகள் வேண்டும், ஒன்று பிடிக்க, மற்றொன்று மறைக்க; பின்பு கல்லெடுக்கக் கையேது என்று ஃபியூரர் அதனை விளக்குவதுண்டு. சுமார் எழுபதாயிரம் பேர் நகரத்தைச் சூழ்ந்த வீதியில் நடந்தார்கள். ‘வன்முறை வேண்டாம்’ என்பதே அவர்களின் முழக்கம். வீதியோரத்தில் நின்ற படையினரோடு அவர்கள் பேச்சுக் கொடுத்தனர். கூட்டத்தின் பெருக்கத்தைக் கண்ட உள்ளூர் அதிகாரிகள் படையைப் பின்வாங்கச் செய்தனர். ஒரு துப்பாக்கி வேட்டும் தீரவில்லை.

அருகிலுள்ள சீர்திருத்தச் சபை ஆலயத்தின் கோபுரத்திலிருந்து இருவர் இரகசியமாக இக்காட்சியைப் படம்பிடித்தனர். அவர்களை மேலே ஏற அனுமதித்தவர் அவ்வாலயத்தின் போதகர். படச்சுருள் எல்லை கடந்து மேற்கு ஜேர்மன் தொலைக்காட்சியில் காண்பிக்கப்பட, கிழக்கிலே மறைவாக அத்தொலைக்காட்சியைப் பார்ப்போரும் லைப்சிக்கில் நடந்ததை அறிந்தனர். ஒன்பதே நாட்களில் ஆட்சித் தலைவர் ஹொனெக்கர் பதவி விலகினார். நவம்பர் 9ஆம் திகதி பேர்லின் மதில் திறந்தது. கோர்பச்சேவின் கொள்கை மாற்றம், ஹங்கேரி எல்லையைத் திறந்தமை, நொடித்துப்போன பொருளாதாரம் என வரலாற்றாசிரியர் கூறும் காரணங்கள் பலவுண்டு, அவை மெய்யே. ஜெபம் ஒன்றே மதிலை வீழ்த்திற்று என்று மேடைகளில் முழங்குவோர் அந்த ஆலயத்தாரைவிட அதிகமாகப் பேசுகிறார்கள். இரத்தம் சிந்தப்படாமல் அது நடந்ததன் காரணத்தைத் தேடும்போதுதான் நாம் மறுபடி அந்த ஆலயத்தின் இருக்கைகளுக்கு வந்து சேர்கிறோம்.

இதன்பின் நடந்தவற்றைப் பலர் அறியார். 1989 ஒக்டோபர் 30ஆம் திகதி, மதில் திறக்கச் சில நாட்களே இருக்கையில், வொன்னெபெர்கர் மூளை இரத்த அடைப்பினால் வீழ்ந்தார். பேச்சு அவரைவிட்டுப் போயிற்று. ஆண்டுக்கணக்கில் பிறர் வாய்பேச இடம் அமைத்துக் கொடுத்தவர், தமது மக்கள் விடுதலையைக் கொண்டாடிய இரவில் ஒரு வார்த்தையும் பேச முடியாதவராய்ப் படுத்திருந்தார். போதகப் பணியிலிருந்தும் ஓய்வுபெற நேர்ந்தது. பல ஆண்டுப் பயிற்சியின் பின்னரே மொழி மெல்ல மெல்லத் திரும்பியது. வெகுகாலம் அவரது பெயர் ஃபியூரரின் பெயருக்குப் பின்னால் மறைந்தே கிடந்தது. 2014ஆம் ஆண்டில் ஜேர்மனியின் தேசிய விருது வழங்கப்பட்டபோது இருவரும் சேர்ந்தே கௌரவிக்கப்பட்டனர் என்பது ஆறுதல் தரும் செய்தி. அவ்வாண்டு ஜூன் 30ஆம் திகதி ஃபியூரர் நித்திய இளைப்பாறுதலுக்குட்பட்டார்.

கூட்டமோ கலைந்தது. அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு இப்போது கூடிப்பேச வேறிடங்கள் கிடைத்துவிட்டன. குணமாக்கப்பட்ட பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவனே திரும்பி வந்ததை (லூக்கா 17) நினைத்துக்கொள்ளத் தோன்றும். இன்றும் லைப்சிக் வாசிகளில் பெரும்பாலோர் எந்தத் திருச்சபையையும் சேராதவர்கள். இதைச் சுட்டிக்காட்டி, அத்தனை பாடும் எதற்கு, எத்தனை ஆத்துமாக்கள் சபையில் சேர்ந்தன என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வியே நிக்கலஸ் ஆலயத்தாரின் ஊழியத்துக்குப் புறம்பானது என்று எனக்குப் படுகின்றது. வருகிறவன் தங்கவேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பலகையில் எழுதப்பட்டிருக்கவில்லையே.

நாடு ஒன்றிணைந்த பின் கிழக்கிலே தொழிற்சாலைகள் மூடப்பட்டன, வேலையற்றோர் பெருகினர். விடுதலை கிடைத்த மகிழ்ச்சியில் உலகம் அவர்களை மறந்தபோது, ஃபியூரர் வேலையற்றோருக்கான திருச்சபைப் பணியொன்றை அவ்வாலயத்திலே கட்டியெழுப்பினார். முன்னைய ஆட்சியை எதிர்த்தவர் புதிய பொருளாதாரத்தையும் கடிந்துரைத்தது பலருக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டவரை வெறுக்கும் தீவிரவாதக் குழுக்கள் நகரில் ஊர்வலம் நடத்த வந்த நாட்களில், அவற்றை எதிர்த்து நின்றவர்களிலும் அவர் ஒருவர். 2006இல் லைப்சிக்கைச் சேர்ந்த பொறியியலாளர் இருவர் ஈராக்கிலே பணயக் கைதிகளாகப் பிடிபட்டபோது, அவர்கள் விடுதலையாகும்வரை இவ்வாலயத்தில் விழிப்பு மன்றாட்டுகள் தொடர்ந்தன. 99 நாட்களின் பின் இருவரும் உயிரோடு திரும்பினர். 2008இல் ஃபியூரர் ஓய்வு பெற்றார். வேறு போதகர்கள் வந்தனர்.

ஆலய முற்றத்தில் இப்போது ஒரு தனித்தூண் நிற்கின்றது. உள்ளேயிருக்கும் பனையோலைத் தூண்களில் ஒன்று கதவைத் தாண்டி வெளியே வந்து நிற்பதுபோல, அதே வடிவில், 1999ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். திங்கட்கிழமைகளில் மாலை 5 மணிக்கு மணி ஒலிக்கின்றது. உலகின் ஏதோ ஒரு மூலையில் நடைபெறும் யுத்தத்துக்காகவோ, நகரத்துக்கு வந்து சேர்ந்த அகதிகளுக்காகவோ மன்றாட்டு ஏறெடுக்கப்படுகின்றது. சில வாரங்களில் கூட்டம் அதிகம், சில வாரங்களில் குறைவு.